எலும்புக்குள் உடைந்த கம்பி: ஏன் உடைகிறது, எப்படி எடுக்கிறார்கள்

மாடிப்படி இறங்கும்போது காலுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது என்பார்கள் சிலர். வேறு சிலருக்குச் சத்தம் ஏதும் கேட்டிருக்காது. இரண்டு மூன்று வாரமாகத் தொடையில் விட்டுவிட்டு இருந்துவந்த வலி, ஒருநாள் காலையில் காலை ஊன்றவே முடியாத அளவுக்குப் போயிருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், எட்டு மாதத்துக்கு முன்போ ஒரு வருடத்துக்கு முன்போ எலும்பு முறிவுக்காக வைத்த கம்பி உள்ளேயே முறிந்து கிடக்கும். வீட்டில் உள்ளவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது: மட்டமான கம்பியை வைத்துவிட்டார்களா?

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், உடைந்த கம்பிகளில் தயாரிப்புக் குறையால் உடைந்தவை குறைவு. எலும்பு கூடாமல் போனதால்தான் பெரும்பாலானவை உடைகின்றன. கம்பி உடைந்ததால் எலும்பு கூடாமல் போனது என்று நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். இந்த வரிசை மாறிப்போனால் சிகிச்சையும் மாறிப்போகும். உடைந்த கம்பியை எடுத்துவிட்டு அதே அளவில் புதியது ஒன்றை வைத்தால், முதல் கம்பிக்கு நேர்ந்ததே இரண்டாவதற்கும் நேரும். ஆகவே, உடைந்த உலோகத்தை வெளியே எடுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அது ஏன் உடைந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது.

வடசென்னையில் இதற்கெல்லாம் பொதுவாக ‘கம்பி வச்சிருக்கு’ அல்லது ‘பிளேட் வச்சிருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. தொடை, முழங்கால் கீழ் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் நடுவில் மஜ்ஜை இருக்கும் குழாய்க்குள் மேலிருந்து கீழாகச் செலுத்தப்படுவது ‘ராடு’. மருத்துவர்கள் அதை ‘நெயில்’ என்பார்கள். அதன் இரு முனைகளிலும் துளைகள் உண்டு. எலும்பின் குறுக்கே திருகுகளை அந்தத் துளைகள் வழியே செலுத்தி, ராடு சுழலாமலும் எலும்பு குறுகாமலும் பூட்டிவிடுவார்கள். பிளேட் என்பது எலும்பின் வெளிப்பக்கத்தில் படுக்கவைத்துத் திருகுகளால் இறுக்கப்படும் தகடு. முன்கை எலும்புகள், மேற்கை, கணுக்கால், மூட்டை ஒட்டிய முறிவுகள் ஆகியவற்றில் இதுவே வழக்கம். ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ச்சர் என்ற அறுவை மருத்துவர் 1939இல் மஜ்ஜைக் குழாய்க்குள் நீண்ட ஆணியைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். 1958இல் சுவிட்சர்லாந்தில் கூடிய மருத்துவர்களின் ஏஓ குழு, தகடுகளுக்கும் திருகுகளுக்கும் அளவு, கருவி, செய்முறை என்று ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. எலும்பில் வைக்கும் உலோகப் பொருத்திகளில் இன்று உலகெங்கும் பயன்படுபவை பெரும்பாலும் அந்த இரண்டு வழிகளிலும் வந்தவைதான்.

இவற்றைச் செய்யப் பயன்படும் உலோகங்கள் முக்கியமாக இரண்டு: ‘316எல்’ என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகும், டைட்டானியக் கலவையும். வளையாமல் விறைத்து நிற்பதில் எஃகு எலும்பைவிடச் சுமார் பத்து மடங்கு. டைட்டானியம் எஃகில் ஏறத்தாழப் பாதி. இப்படிப்பட்ட உலோகம் வெறும் நடையில் எப்படி உடையும் என்று தோன்றலாம். ஒரே தடவை வரும் பெரும் பளுவில் அது உடைவது அரிது. விழுந்து அடிபட்டால்கூட வளையுமே தவிர எளிதில் முறியாது. அதை முறிப்பது திரும்பத் திரும்ப வரும் சிறு பளு. ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி நடக்கிற ஒருவர், ஒவ்வொரு காலையும் 2,500 தடவை ஊன்றுகிறார். ஆண்டுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல். எலும்பு கூடிவிட்டால் அந்தப் பளுவில் பெரும்பகுதியை எலும்பே வாங்கிக்கொள்ளும். கூடவில்லை என்றால் ஒவ்வொரு அடியிலும் உலோகம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. இரும்புக் கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் வளைத்து முறிக்கிறோமே, அதுதான் மாதக் கணக்கில் மெதுவாக நடக்கிறது.

இந்த அறிவு மருத்துவமனையில் பிறந்ததில்லை, ரயில் பாதையில் பிறந்தது என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தக் காலகட்டத்திலேதான் ஜெர்மனியில் அவுகுஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர், நல்ல நிலையில் இருந்த வண்டி அச்சுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென முறிவது ஏன் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓர் அச்சை ஒரே தடவையில் முறிக்கத் தேவைப்படும் பளுவைவிட மிகக் குறைந்த பளுவே, போதுமான தடவை திரும்ப வந்தால், அதை முறித்துவிடும் என்று அவர் கண்டார். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். பெரம்பூர்ப் பக்கம் ரயில்வே பணிமனைகளில் வேலை பார்த்தவர்களுக்கு, அச்சுகளை ஏன் மீயொலிக் கருவி வைத்துச் சோதிக்கிறார்கள் என்று விளக்கவேண்டியதில்லை. மேலே ஒரு கீறலும் தெரியாத அச்சுக்குள் ஒரு விரிசல் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கலாம். தொடைக்குள் இருக்கும் ராடும் அப்படித்தான். அதைச் சோதிக்கக் கழற்ற முடியாது என்பது மட்டும்தான் வேறுபாடு.

விரிசல் எங்கே தொடங்கும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். உலோகத்தில் துளை இருக்கும் இடம் பலவீனமான இடம். பிளேட் என்றால் முறிவுக்கு நேர்மேலே திருகு போடாமல் விட்ட துளையிலும், ராடு என்றால் முறிவுக்கு அருகிலுள்ள பூட்டுத் துளையிலும் அது பெரும்பாலும் உடைகிறது. ராடு அப்படியே இருந்து, அதைப் பூட்டிய சிறு திருகு மட்டும் துண்டாவதும் உண்டு. எலும்புக் குழாயின் அளவுக்குப் போதாத ஒல்லியான ராடு, நீளம் போதாத பிளேட், பொருத்தும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்திய தகடு, இடைவெளி விட்டுப் பொருத்திய எலும்பு முனைகள் ஆகியவை அறுவை மேசையிலேயே விதைக்கப்படும் காரணங்கள். இவற்றை மறைக்கவேண்டியதில்லை, முதல் அறுவைச் சிகிச்சையின் குறையால் உடைவதும் நடக்கிறது, அதை நோயாளி கேட்கும் உரிமையும் இருக்கிறது.

மற்றக் காரணங்கள் நோயாளியின் உடம்பிலும் வாழ்க்கையிலும் இருக்கின்றன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பார் ஏற்றி இறக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி உரசி இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவர், தொடை எலும்பு சிதறலாக முறிந்தது, ராடு வைத்தார்கள். பெரியவர்களுக்குத் தொடை எலும்பு கூடப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சிதறிய எலும்பு, தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பீடி ஆகியவை அந்தக் காலத்தை இன்னும் நீட்டும். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் முறிவிடத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. இதைச் சொன்னால் வழக்கமான புத்திமதி என்று நினைத்துச் சிரித்துவிடுவார்கள், ஆனால் எலும்பைப் பொறுத்தவரை இது நேரடியான கணக்கு. நம்முடைய ஆளுக்கோ மூன்றாவது மாதம் வலி குறைந்துவிட்டது. வலி குறைந்தால் எலும்பு கூடிவிட்டது என்று அவர் நினைத்தார். ராடு பளுவைத் தாங்கிக்கொண்டிருந்ததால்தான் வலி குறைந்தது என்று யாரும் அவருக்கு விளங்கும்படி சொல்லவில்லை. வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. தினக்கூலி, மறுபரிசோதனைக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். நான்காவது மாதம் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு வேலைக்குப் போனார். ஒன்பதாவது மாதம் ராடு உடைந்தது. இவரை ‘பேச்சைக் கேட்காதவர்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்ததே அவரால் முடிந்த உச்சம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் குறிப்பு முழுமையாகும்.

புத்தூர்க் கட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட முடியாது. ஆந்திரத்திலுள்ள புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் சென்னை முழுவதும் தொங்குகின்றன. முறிவு விலகாத எளிய எலும்புகளை அசையாமல் கட்டிவைப்பதில் அந்த மரபுக்கென்று ஒரு கைத்தேர்ச்சி இருக்கிறது. ஆனால், உள்ளே உலோகம் வைத்த காலில் வலி திரும்பி வரும்போது எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், மடங்காத முட்டியை வலுவில் மடக்குவதும் வேறு விஷயம். விரிசல் விட்ட ராடை அது முழுதாக முறித்துவிடும். உலோகம் வைத்த எலும்பில் புதிதாக வலி வந்தால் முதலில் செய்யவேண்டியது எக்ஸ்ரே, பிறகு மற்றவை.

உடைந்த உலோகம் எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. எலும்பு நன்றாகக் கூடியபின் பூட்டுத் திருகு ஒன்று உள்ளே துண்டாகிக் கிடக்கலாம்; கணுக்காலில் இரண்டு எலும்புகளுக்கு இடையில் போட்ட திருகு நடக்க ஆரம்பித்ததும் உடைவது சாதாரணமாகவே நடப்பது. வலி இல்லை, சீழ் இல்லை, மூட்டைக் குத்தவில்லை என்றால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். ஒரு துண்டைத் தேடி நல்ல எலும்பைத் தோண்டுவது சில வேளைகளில் துண்டைவிடப் பெரிய கெடுதல். மாறாக, எலும்பு கூடாத இடத்தில் ராடோ பிளேட்டோ உடைந்திருந்தால் எடுக்காமல் வழியில்லை. அது எலும்பைத் தாங்கவும் தாங்காது, புதிய கம்பி செல்லும் வழியையும் அடைத்துக்கொண்டிருக்கும். உடைந்த முனை தசையையோ தோலையோ குத்தினாலும், உலோகத்தைச் சுற்றிக் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தாலும் எடுத்தாகவேண்டும்.

அறுவைச் சிகிச்சை நடக்கும் நேரத்தைவிட அதற்கு முன்னால் செய்யும் ஆயத்தமே இதில் முக்கியம் என்பது என் கருத்து. எலும்பின் முழு நீளமும், மேலும் கீழும் உள்ள மூட்டுகளும் தெரியும்படி இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். பழைய எக்ஸ்ரேக்களோடு அதை வரிசையாக ஒப்பிட்டால் திருகு எப்போது தளர ஆரம்பித்தது, எலும்பு முனைகளில் புது எலும்பு முளைக்க முயன்றதா, முயலவே இல்லையா என்பது தெரியும். இந்தக் கடைசி வேறுபாடு முக்கியமானது. முறிவைச் சுற்றிப் புது எலும்பு புடைத்துக் கிடந்தும் கூடவில்லை என்றால், உயிரோட்டம் இருக்கிறது, உறுதிதான் போதவில்லை என்று பொருள். முனைகள் மழுங்கி வெளிறிக் கிடந்தால் உறுதியோடு புது எலும்பும் வேண்டும். தெளிவில்லாத இடத்தில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஒன்பது மாதம் கடந்தும், கடைசி மூன்று மாதங்களில் முன்னேற்றமே இல்லாமலும் இருந்தால் எலும்பு தானாகக் கூடும் என்று இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்பது மருத்துவத்தில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை.

கிருமி ஒளிந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வெளியே சீழ் வடியாமலேயே உள்ளே தொற்று இருக்கலாம். உலோகத்தின் மேல் கிருமிகள் பிசினைப் போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் தங்கும்; மருந்து அந்தப் படலத்தைத் துளைப்பது கடினம். ஈஎஸ்ஆர், சிஆர்பி ஆகிய ரத்தப் பரிசோதனைகள் ஒரு சாடை காட்டும். உறுதியாகச் சொல்வது அறுவையின்போது முறிவிடத்திலிருந்து எடுக்கும் திசுதான். ஒரு துண்டு போதாது. வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து துண்டுகளாவது எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு முன் சுமார் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிடாமல் இருந்தால்தான் சோதனையில் கிருமி அகப்படும். வலிக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஐந்து நாள் மாத்திரை, தொற்றைப் போக்காமல் அதன் தடயத்தை மட்டும் அழித்துவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது கேள்விக்கு விடை ஆஸ்பத்திரியில் இல்லை, நோயாளியின் வீட்டில் இருக்கிறது: உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த வகைக் கம்பி? ஒவ்வொரு தயாரிப்பாளரின் ராடுக்கும் மேல்முனையில் மரை வேறு. அதைப் பிடித்து இழுக்கும் கருவியும் வேறு. திருகின் தலையிலும் அப்படித்தான். 4.5 மி.மீ. திருகைக் கழற்ற 3.5 மி.மீ. அறுகோண முனை வேண்டும்; 3.5 மி.மீ. திருகுக்கு 2.5 மி.மீ. அறுகோண முனை, புதிய பூட்டுத் திருகுகள் பலவற்றில் நட்சத்திர வடிவப் பள்ளம். பொருந்தாத முனையைச் செலுத்தித் திருகினால் பள்ளம் தேய்ந்து வழவழப்பாகிவிடும். முதல் அறுவையின்போது பொருத்திகளின் உறையிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கரோ, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிய ஒரு வரியோ இருந்தால் சரியான கருவிப் பெட்டியை முந்தின நாளே வரவழைத்துவிடலாம். நடைமுறையில் என்ன ஆகிறது? முதல் அறுவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கும். இரண்டாவதற்கு, பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வருவார்கள். எக்ஸ்ரே உறையும் சீட்டுகளும் கட்டிலுக்கு அடியில் இருந்தன, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது நனைந்துபோயின என்று வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் எத்தனையோ குடும்பங்கள் சொல்லும். வெள்ளத்தில் போன பொருள்களின் பட்டியலில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால்கூடப் போதும்.

இனி அறுவை அறைக்குள் போவோம். பழைய தழும்பின் வழியாகவே பெரும்பாலும் திறப்பார்கள். திருகின் தலைக்குள் வளர்ந்திருக்கும் திசுவையும் எலும்புத் துகளையும் சுரண்டிச் சுத்தம் செய்தபிறகே முனையைச் செலுத்தவேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுவதால்தான் பாதித் திருகுகள் தேய்கின்றன என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை. தலை தேய்ந்துவிட்டால், கொடுங்கையூர்ப் பட்டறைகளில் உடைந்த போல்ட்டை எடுக்க என்ன செய்வார்களோ அதையே இங்கும் செய்கிறார்கள்: இடது மரை கொண்ட கூம்பு வடிவக் கருவியைப் பள்ளத்துக்குள் இடப்பக்கமாகத் திருகினால், அது இறுகும் திசையும் திருகு கழலும் திசையும் ஒன்றாக இருப்பதால் திருகு கூடவே வந்துவிடும். லேசாகத்தான் தேய்ந்திருக்கிறது என்றால் தையல் நூல் உறையின் மெல்லிய உலோகத் தாளை இடையில் வைத்து முனையைச் செலுத்துவது ஒரு பழைய கைவேலை. திருகின் தலையே போய்விட்டு உடல் மட்டும் எலும்புக்குள் இருந்தால், குழல் வடிவிலான ரம்பத்தை அதைச் சுற்றி இறக்கி ஓரத்து எலும்போடு சேர்த்து எடுப்பார்கள்.

பிளேட்டுகளில் பெரிய தொல்லை டைட்டானியப் பூட்டுத் திருகுகள். இவற்றின் தலையிலும் மரை உண்டு. தகட்டின் துளையிலும் மரை உண்டு. குறிப்பிட்ட விசைக்கு மேல் இறுக்கக் கூடாது என்பதற்காக அளவு வந்ததும் நழுவும் கைப்பிடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், 3.5 மி.மீ. திருகுக்கு அந்த எல்லை 1.5 நியூட்டன் மீட்டர். அந்தக் கைப்பிடி இல்லாமல் மோட்டாரிலேயே கடைசிச் சுற்றுவரை இறுக்கியிருந்தாலோ, கோணலாகச் செலுத்தியிருந்தாலோ, தலையும் தகடும் பற்றவைத்ததுபோல் ஒன்றாகிவிடும். அப்போது திருகைக் கழற்ற முயல்வதை விட்டுவிட்டு, அதிவேகக் கடைசல் முனையால் திருகின் தலையையோ, இரண்டு துளைகளுக்கு இடையே தகட்டையோ அறுக்கவேண்டியதுதான். பொறி பறக்கும், உலோகத் தூள் சிதறும். சுற்றிலும் ஈரத் துணியைப் பரப்பி, தொடர்ந்து தண்ணீர் விட்டு, சூட்டில் எலும்பு கருகாமலும் தூள் தசைக்குள் தங்காமலும் பார்த்துக்கொள்வார்கள். அறுவை அறையின் வாசலில் காத்திருக்கும் உறவினருக்கு, ஒன்றரை மணி நேரம் என்று சொன்னது நான்கு மணி நேரமாக நீள்வதன் காரணம் பல நேரம் இந்த ஒற்றைத் திருகாகத்தான் இருக்கும்.

மேற்கையில் வைத்த பிளேட்டை எடுக்கும்போது வேறொரு பயம் உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. முதல் அறுவைக்குப் பின் தழும்போடு ஒட்டி, தகட்டின் மேலேயே படிந்திருக்கவும் கூடும். அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கிய பிறகே தகட்டில் கைவைப்பார்கள். எடுப்பது எளிது என்று நினைத்துக் கேட்டால், இந்தக் காரணத்தாலேயே சில மருத்துவர்கள் வலி தராத மேற்கைப் பிளேட்டை எடுக்கத் தயங்குவார்கள்.

ராடு உடைந்தால் மேல் துண்டு பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் வந்துவிடும். மேல்முனையின் மரையில் இழுப்புக் கருவியைப் பொருத்தி, சறுக்குச் சுத்தியலால் பின்னோக்கித் தட்டுவார்கள். அதற்கு முன்னால் பூட்டுத் திருகுகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். எண்ணாமல் விட்ட ஒரு திருகோடு ராடைத் தட்டினால் எலும்பே பிளக்கும். உண்மையான வேலை கீழ்த்துண்டில் இருக்கிறது. அது தொடைக்குள் அடியில், எட்டாத ஆழத்தில் கிடக்கிறது. பிடிக்க மரையும் இல்லை. ராடு உள்ளீடற்ற குழல் என்றால், நுனி வளைந்த நீண்ட கொக்கியை அதன் உள்ளே செலுத்தி, கீழ்முனையைத் தாண்டியதும் திருப்பி மாட்டி இழுப்பார்கள். கொக்கி இல்லையென்றால், நுனியில் குமிழ் உள்ள வழிகாட்டிக் கம்பியை உள்ளே விட்டு, பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செருகி நெருக்கினால் குமிழ் பின்னால் வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் துண்டும் கூட வரும். எல்லாவற்றையும் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்துக்கொண்டே செய்யவேண்டும். இரண்டும் பலிக்காவிட்டால் முட்டிப் பக்கமிருந்து சிறு வழி திறந்து துண்டை மேல்நோக்கித் தள்ளுவது, அல்லது எலும்பில் ஒரு சன்னல் வெட்டி எடுப்பது என்று படிப்படியாகப் பெரிய வழிகளுக்குப் போவார்கள். உள்ளே துளையில்லாத திண்மையான பழைய ராடுகளுக்குக் கொக்கி வித்தை பலிக்காது என்பதால் அவை மருத்துவர்களுக்கே தலைவலி.

எடுத்தாயிற்று என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கூடாத எலும்பை இனிக் கூடவைக்கவேண்டும். தொற்று இல்லாத தொடை எலும்பில் வழக்கமான வழி, குழாயைக் குடைந்து அகலமாக்கி, முன்பிருந்ததைவிட ஒன்றிரண்டு மி.மீ. பருமனான ராடை வைப்பது. பருமன் கூடுவதால் உறுதி கூடும். குடையும்போது வரும் எலும்புத் துகள் முறிவிடத்தில் விதைபோல விழுந்து புது எலும்பை எழுப்பும். முனைகள் உயிரோட்டமில்லாமல் இருந்தால் இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள். கால் வலியைவிட அந்த இடுப்பு வலிதான் பெரிதாக இருந்தது என்று பிற்பாடு சொல்வோர் உண்டு.

தொற்று இருந்தால் கணக்கே வேறு. உலோகத்தையும் செத்த எலும்பையும் முழுவதும் அகற்றி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமென்ட்டை இடைவெளியில் நிரப்பி, வாரக் கணக்கில் மருந்து கொடுத்து, பிறகே நிரந்தர ஏற்பாட்டுக்குப் போகமுடியும். எலும்பு பெரிய அளவில் குறைந்துவிட்டால் சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசரோவ் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டம் கைகொடுக்கும். ‘ரிங் போட்டிருக்கு’ என்று சொல்லிக்கொண்டு கால் முழுவதும் கம்பியும் வளையமுமாக நடப்பவர்களைப் பார்த்திருப்போம். ஆரோக்கியமான பகுதியில் எலும்பை வெட்டி, நாளொன்றுக்கு ஒரு மி.மீ. வீதம் நகர்த்திப் புது எலும்பை வளர்க்கும் முறை அது. ஆறு செ.மீ. இடைவெளியை நிரப்ப நகர்த்தலுக்கே இரண்டு மாதம் ஆகும். வளர்ந்த எலும்பு இறுக அதைவிட நீண்ட காலம்.

எலும்பு நன்றாகக் கூடிய பிறகு, உடையாத கம்பியை எடுப்பதா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் இதோடு தொடர்பு உண்டு. குழந்தைகளுக்கு வைத்த வளையும் கம்பிகளைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் கட்டாயமில்லை. விம்கோ நகர் மெட்ரோ வாசலில் சோதனைக் கருவி சத்தம் போடும் என்பது எடுப்பதற்கான காரணமாகாது. எடுத்தபின் திருகு இருந்த துளைகள் மாதக் கணக்கில் எலும்பைப் பலவீனமாக வைத்திருக்கும். முன்கை எலும்புகளில் அந்தத் துளையின் வழியே மறுபடி முறிவது நன்கு தெரிந்த சிக்கல். அதனால்தான் அங்கே ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுக்கு முன் பிளேட்டைத் தொடமாட்டார்கள். எடுத்தபின் சில வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. அது உயிர் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் கம்பி உடைவது ஒன்பதாவது மாதத்தில். அப்போது குடும்பம் ஏற்கெனவே ஒரு கடனை அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது அறுவை முதலாவதைவிட நீண்டது, கூடுதல் ரத்தமும் கருவிகளும் கேட்பது, வேலைக்குத் திரும்பும் நாளை இன்னும் அரை ஆண்டு தள்ளிவைப்பது. மறுபரிசோதனைக்கு வராமல் போன தினக்கூலிக்காரரை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒரு போன் செய்து வரவழைக்க யாராவது இருந்தால், அந்தச் செலவில் கொஞ்சமாவது மிச்சமாகும்.

காசிமேட்டு ஆளின் அறுவை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்துண்டு கொக்கியில் வந்துவிட்டது. பூட்டுத் திருகு ஒன்றின் நுனி மட்டும் எலும்பின் மறுபக்கச் சுவரில் இறுகிப்போய் வரவில்லை. புதிய ராடின் வழியில் அது குறுக்கே இல்லாததால் அப்படியே விட்டார்கள். புது டிஸ்சார்ஜ் சம்மரியில் புதிய ராடின் நீளம், பருமன், தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றோடு, ‘தொடை எலும்பின் கீழ்ப்பகுதியில் பழைய திருகின் சுமார் 8 மி.மீ. துண்டு எடுக்கப்படாமல் விடப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரியும் இருக்கவேண்டும். அந்த வரி இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுப்பவர், புதிய கம்பியும் உடைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லக்கூடும்.